ஸ்டாம்ஃபோர்டில் ஒரு மாலை நடை: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

இங்கிலாந்தில் உள்ள லெஸ்டர் நகருக்குப் படிக்க வந்த முதல் ஆண்டு, நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வகுப்பு முடிந்த கையோடு ரயிலேறி, மாலை ஐந்தேகால் மணியளவில் ஸ்டாம்ஃபோர்டில் இறங்கினேன். பழைய கல் வீடுகள் நிறைந்த சந்தை ஊர், மாலையில் நடந்து பார்க்க ஏற்ற இடம் என்று கேள்விப்பட்டிருந்தேன். இறங்கியபோது ஊர் முழுவதும் இருட்டு. சந்தைக் கடைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள், தேநீர்க் கடைகளில் நாற்காலிகள் மேசை மேல் கவிழ்ந்திருந்தன, தேவாலயக் கதவு பூட்டியிருந்தது. மணிக்கு ஒரு ரயில் இரவு முழுவதும் ஓடும் என்று நானே முடிவுசெய்துகொண்டு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு நிலையத்துக்கு வந்தால், லெஸ்டருக்கான கடைசி ரயில் போயிருந்தது. டாக்சிக்குக் கொடுத்த 90 பவுண்ட், அன்றைய என் கணக்கில் மூன்று வார மளிகைச் செலவு.

அதன் பிறகு நண்பர்களுடனும், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுடனும் ஐந்து முறை அங்கே போய்விட்டேன். இப்போது அந்த நடையை எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதல் முறை நான் பட்ட அவதி இன்னொருவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. நாளை முடிவுசெய்யும் முன் சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள்

இந்த நடையின் பயன் முழுவதும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்டின் வீடுகளும் தேவாலயங்களும் அந்தப் பகுதியில் வெட்டியெடுத்த வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டவை. நண்பகலில் சாம்பல் பூத்தது போலத் தெரியும் அந்தக் கல், சூரியன் தாழ்ந்து சாய்ந்த ஒளி விழும்போது தேன் நிறத்துக்கு மாறுகிறது. அந்த நேரம் தவறினால் சாதாரணமான ஒரு கடைத்தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரை மணிக்குச் சூரியன் மறைந்துவிடும் என்பதால், இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது வந்த புதிதில் நமக்கு உறைக்காது. ஸ்டாம்ஃபோர்டில் ஏப்ரல் நடுவில் இரவு எட்டு மணியளவிலும், ஜூன் நடுவில் ஒன்பதரை மணிக்குச் சற்று முன்பாகவும், ஆகஸ்ட் நடுவில் எட்டரையை ஒட்டியும், செப்டம்பர் நடுவில் ஏழேகாலுக்கும் சூரியன் மறைகிறது. டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த ஒரே நாளில் மாலை சட்டென்று சுருங்கிவிடுகிறது. மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

ஆகவே ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக ஊரில் இறங்கிவிட வேண்டும். குளிர்காலத்தில்தான் வர முடியும் என்றால், இதை மாலை நடை என்று எண்ணாமல் பிற்பகல் ஒன்றரை மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

கிழமையும் முக்கியம். பெரிய சந்தை வெள்ளிக்கிழமை பகலில் பிராட் தெருவிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் கூடும். மாலைக்குள் கலைந்துவிடும் என்பதால், சந்தையையும் பார்க்க விரும்புபவர் பகல் இரண்டு மணிக்காவது அங்கே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. ரயில்கள் குறைவு, மதிய விருந்தோடு சமையலறையை மூடிவிடும் பப்களும் பல.

2. தேவைப்படும் ஆவணங்கள்

தெருவில் நடப்பதற்கு எந்த அடையாள அட்டையும் வேண்டாம். பிரிட்டனில் அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை என்பதால், அம்மா அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பையில் சுமந்துகொண்டு அலையாதீர்கள். ஆனால் இரண்டு இடங்களில் ஆவணம் கேட்பார்கள்.

முதலாவது ரயில். ரெயில்கார்டு எனும் கட்டணச் சலுகை அட்டையை வைத்துச் சலுகை விலையில் டிக்கெட் எடுத்திருந்தால், அந்த ரெயில்கார்டு உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும். பலரும் அதைக் கைபேசியில்தான் வைத்திருக்கிறார்கள். ஊரைப் படமெடுத்தே மாலைக்குள் மின்னூட்டம் தீர்ந்துவிடுகிறது. திரும்பும் ரயிலில் பரிசோதகர் வரும்போது கார்டைக் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவீர்கள். இங்கிலாந்தில் 2023 ஜனவரி முதல் அபராதக் கட்டணம் 100 பவுண்ட். பயணக் கட்டணம் அதற்கு மேல் தனி. 21 நாட்களுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும். கைபேசிக்கு ஒரு பவர் பேங்க் கொண்டுபோவது இந்தத் தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது பப். மது வாங்குவதற்கான வயது 18 என்றாலும், 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் சான்று கேட்பது வழக்கம். பாஸ்போர்ட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருப்பது செல்லாது. பல்கலைக்கழக அடையாள அட்டையும் பெரும்பாலும் செல்லாது. நீண்ட காலப் படிப்புக்கோ வேலைக்கோ வந்திருப்பவர்கள் பழகுநர் ஓட்டுநர் உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் 34 பவுண்ட். கார் ஓட்டும் எண்ணமே இல்லாதவருக்கும் அது நல்ல அடையாள அட்டை. மது அருந்தாதவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பப்பில் எலுமிச்சைச் சோடாவோ தேநீரோ கேட்டால் யாரும் வேறுவிதமாகப் பார்ப்பதில்லை.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவருபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆறு மாதம் வரையிலான வருகையாளர் விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ள உறவினர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இந்தக் கட்டணங்கள் அடிக்கடி உயர்வதால் விண்ணப்பிக்கும் நாளில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விசா பெப்ரவரியில் கிடைத்தாலும் பயணத்தை மே மாதத்துக்குத் தள்ள முடியுமென்றால் தள்ளுங்கள். முதல் பகுதியில் சொன்ன வெளிச்சம் அவர்களுக்கும் கிடைக்கட்டும்.

3. டிக்கெட் எடுப்பது

முதலில் ஊரின் பெயர். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் என்பது லண்டனில் உள்ள செல்சி அணியின் கால்பந்து மைதானம்; அதே பெயரில் யார்க்ஷயரில் ஒரு கிராமமும் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்ட் ஹில், ஸ்டாம்ஃபோர்ட் புரூக் இரண்டும் லண்டன் பகுதிகள். நாம் போக வேண்டியது லிங்கன்ஷயர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஸ்டாம்ஃபோர்ட். டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் லிங்கன்ஷயரின் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லெஸ்டரிலிருந்து நேர் ரயில் உண்டு. மெல்ட்டன் மோப்ரே, ஓக்கம் வழியாகச் சுமார் நாற்பது நிமிடம். லண்டனிலிருந்து வருபவர்கள் கிங்ஸ் கிராஸில் ஏறிப் பீட்டர்பரோவில் மாற வேண்டும்; லண்டன் முதல் பீட்டர்பரோ வரை ஐம்பது நிமிடம், அங்கிருந்து கால் மணி நேரம். மாறும் இடத்தில் இருபது நிமிடமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ரயில் மணிக்கு ஒன்றுதான் என்பதால், ஐந்து நிமிடத்தில் தவறவிட்டால் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்.

லெஸ்டரிலிருந்து போகவர ஒரே நாள் என்றால் ரிட்டர்ன் டிக்கெட்டே எடுங்கள். நெரிசல் இல்லாத நேரத்துக்கான ஆஃப் பீக் ரிட்டர்ன் பெரும்பாலும் ஒருவழி டிக்கெட்டை விடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும். இதை அறியாமல் ஒருவழி டிக்கெட்டுகளாக இரண்டு எடுத்து ஏறக்குறைய இரட்டிப்பு விலை கொடுத்த நண்பர்கள் எனக்கு உண்டு. லண்டனிலிருந்து வார நாள் மாலையில் கிளம்புபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் புறப்படும் சில ரயில்களில் ஆஃப் பீக் டிக்கெட் செல்லாது. எந்த ரயில்களில் செல்லும் என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கும், அதற்கு மேற்பட்ட வயதுடைய முழுநேர மாணவர்களுக்கும் ரெயில்கார்டு கிடைக்கும். இரண்டாம் வகையினர் பல்கலைக்கழகத்திடம் ஒரு சான்று வாங்க வேண்டும். 60 வயது கடந்தவர்களுக்குத் தனிக் கார்டு உண்டு. வருகையாளராக வந்த பெற்றோரும் பாஸ்போர்ட்டைக் காட்டி அதை வாங்கலாம். 2025 மார்ச்சில் இவற்றின் விலை ஆண்டுக்கு 35 பவுண்டாக ஆனது. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். எனவே ஓராண்டில் 105 பவுண்டுக்கு மேல் ரயிலில் செலவழிப்பவருக்கு மட்டுமே கார்டு லாபம். பெற்றோர் ஒரு மாதம் மட்டுமே தங்குகிறார்கள் என்றால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

4. கடைசி ரயிலை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

எனக்கு 90 பவுண்ட் கற்றுக்கொடுத்தது இதுதான். கிளம்புவதற்கு முந்தைய இரவு, நீங்கள் போகும் அதே தேதியைப் போட்டு, ஸ்டாம்ஃபோர்டிலிருந்து திரும்பும் ரயில்களைத் தேடுங்கள். வேறொரு நாளின் அட்டவணையை நம்பாதீர்கள். சனிக்கிழமைக்கு வேறு, ஞாயிறுக்கு வேறு. தண்டவாளப் பணி நடந்தால் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விட்டுப் பயண நேரம் இரட்டிப்பாகும். கடைசி ரயிலையும் அதற்கு முந்தைய ரயிலையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ரயிலில் திரும்புவதாகவே திட்டமிடுங்கள்; கடைசி ரயில் ஆபத்துக்கு மட்டும்.

ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் மறையும் நேரமும் கடைசி ரயிலும் நெருங்கி வந்துவிடும். அப்போது மறையும் கணம் வரை நிற்க ஆசைப்படாதீர்கள். ஏழரை மணிக்கே ஒளி சாயத் தொடங்கிவிடுகிறது, அதுவே போதும். இந்த நடைக்கு மிகவும் தோதானவை ஆகஸ்ட் பிற்பகுதியும் செப்டம்பர் முதல் வாரமும்தான் என்பது என் அனுபவம். அப்போது ஒளிக்கும் ரயிலுக்கும் இடையே சாப்பிடவும் நேரம் கிடைக்கிறது.

5. நடக்க வேண்டிய வழி

நான் சொல்லும் சுற்று மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகாது. நின்று பார்த்து நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் பெரிய சாலைக்குப் போகாமல், வெல்லண்ட் ஆற்றை ஒட்டிய புல்வெளிக்கு இறங்குங்கள். நடைபாலத்தைக் கடந்து நடுவில் நின்று வடக்கே பார்த்தால் ஊர் மேடேறி நிற்பதும், கூரைகளுக்கு மேலே தேவாலயக் கோபுரங்கள் எழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். மழை நாட்களுக்குப் பிறகு இந்தப் புல்வெளி சேறாகும். குளிர்காலத்தில் ஆறு பெருகினால் நீரில் மூழ்கியும் போகும். அப்படி இருந்தால் சாலை வழியே போங்கள். செருப்போடு வர வேண்டாம்.

புல்வெளியைக் கடந்து ஷீப் மார்க்கெட் வழியாக ஏறினால் ரெட் லயன் சதுக்கமும் ஆல் செயின்ட்ஸ் தேவாலயமும் வரும். தேவாலயத்தின் பக்கத்தில் மேலேறும் பார்ன் ஹில் தெருவைத் தவறவிடாதீர்கள். கடை ஒன்றும் இல்லாத வீட்டுத் தெரு அது. அதனாலேயே பலர் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள். மேலே போய்த் திரும்பி நின்று பாருங்கள்: சரிவின் கீழே ஆல் செயின்ட்ஸ் கோபுரம், இரு பக்கமும் கல் முகப்புகள்.

இங்கே ஒரு நிமிடம் சுவரின் அருகே போங்கள். இந்தப் பகுதிக் கல்லில் கசகசாவை ஒட்டவைத்தது போலச் சின்னச் சின்ன உருண்டை மணிகள் நெருங்கியிருப்பதைக் காணலாம். சில கற்களில் மணிகளுக்குப் பதிலாக உடைந்த கிளிஞ்சல் துண்டுகள். ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்து இறுகிய கல் இது. சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிழல் விழுவதால்தான் சுவர் அவ்வளவு மென்மையாகத் தெரிகிறது. கூரைகளையும் பாருங்கள். பக்கத்து ஊரான காலிவெஸ்டனின் பெயரைத் தாங்கிய கல் ஓடுகள் அவை. தோண்டியெடுத்த கல்லைக் குளிர்காலத்தில் வெளியே பரப்பிவைத்து, உறைபனி அதைப் பிளக்கவிட்டு ஓடாக்கினார்கள். இறவாரத்தில் பெரிய ஓடு, மேலே போகப்போகச் சிறியது, முகட்டில் உள்ளங்கையளவு. அப்பா வாழ்நாளெல்லாம் கட்டட வேலை பார்த்தவர். பார்ன் ஹில்லில் ஒரு வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் நின்றார். அன்று கூட்டிப்போன இடங்களில் அவர் இன்றும் பேசுவது அந்தக் கூரையைப் பற்றித்தான்.

பார்ன் ஹில்லிலிருந்து பிராட் தெருவுக்குப் போனால் பிரவுன்ஸ் ஹாஸ்பிடல் இருக்கிறது. பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் கம்பளி வணிகர் ஒருவர் முதியோருக்காகக் கட்டிய அறச்சாலை. இன்றும் முதியவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே நுழையக் கூடாது. பொதுவாகவே இந்த ஊரில் வீட்டு ஜன்னல்கள் நடைபாதையை ஒட்டியே இருப்பதால், படமெடுக்கும்போது யாருடைய வரவேற்பறைக்குள்ளும் கேமராவைத் திருப்பாதீர்கள். குடியிருப்பவர்கள் வருத்தப்படுகிறார்கள்; அதில் நியாயம் இருக்கிறது.

அங்கிருந்து அயர்ன்மாங்கர் தெரு, வாகனம் வராத ஹை தெரு, செயின்ட் மேரீஸ் தெரு என்று தெற்கு நோக்கி இறங்குங்கள். சாப்பிடும் எண்ணம் இருந்தால் இங்கே இடம் பார்த்துவையுங்கள். செயின்ட் மேரீஸ் தேவாலயத்தின் கூர்ங்கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி சரிவில் இறங்கினால் ஆற்றுப் பாலம். பாலத்தில் நடைபாதை ஒடுக்கம், வண்டிகள் அதிகம். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்கே பார்த்து நின்றால் ஆறும், முதலில் கடந்து வந்த புல்வெளியும் மாலை ஒளியில் தெரியும்.

பாலத்துக்கு அப்பால் செயின்ட் மார்ட்டின்ஸ் பகுதி. லண்டனிலிருந்து வடக்கே போன பழைய நெடுஞ்சாலை இது. ஜார்ஜ் ஹோட்டலின் பெயர்ப்பலகை, தூக்குமரம் போல, சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை குறுக்கே நிற்கிறது. உள்ளே நுழைந்தவுடன் லண்டன் என்று ஒரு கதவிலும் யார்க் என்று இன்னொரு கதவிலும் எழுதியிருக்கும். குதிரை வண்டிக்குக் காத்திருந்தவர்களின் அறைகள். ஒரு காப்பி குடித்தபடி பார்த்துவிட்டு வரலாம்.

லெஸ்டர்வாசிகள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று செயின்ட் மார்ட்டின்ஸ் தேவாலயத்தின் பின்புறக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. லெஸ்டரில் பிறந்து, அங்கே சிறைக் காவலராக இருந்த டேனியல் லாம்பர்ட் 1809 ஜூன் 21 அன்று ஸ்டாம்ஃபோர்டில் இறந்தார். அவரது உடல் எடை சுமார் 335 கிலோ என்பதும், லெஸ்டர் நண்பர்கள் மரியாதையோடு வைத்த கல் இது என்பதும் கல்வெட்டிலேயே தெரிகிறது. எடையை மட்டும் அவர்கள் ஸ்டோன், பவுண்ட் என்ற பிரிட்டிஷ் எடை அளவுகளில், 52 ஸ்டோன் 11 பவுண்ட் என்று பொறித்திருக்கிறார்கள். அவருடைய நல்ல மனத்தையும் கலகலப்பையும் புகழும் வரிகளும் அதில் உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே போனால்தான் எழுத்துகளைப் படிக்க முடியும்.

ஊரை ஒட்டியுள்ள பர்லி மாளிகையின் பூங்காவையும் இதே மாலையில் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பூங்காவுக்குள் நடந்து செல்ல நுழைவுக் கட்டணம் இல்லை; ஆனால் வாயிலை மூடும் நேரம் உண்டு. ஒரு மாலையில் இரண்டையும் அடைத்தால் இரண்டும் அரைகுறையாகும். பூங்காவுக்கு வேறொரு நாள் காலையில் வாருங்கள்.

6. சாப்பாடு

தேநீர்க் கடைகள் நான்கு, நான்கரைக்கும், மற்றக் கடைகள் ஐந்து, ஐந்தரைக்கும் மூடிவிடும். பப்களில் இரவுச் சமையல் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரை, ஒன்பதுக்குள் முடிந்துவிடும். மது விற்பனை நள்ளிரவு வரை நடந்தாலும் சமையலறை அதுவரை இருக்காது. ஒன்பதேகாலுக்கு உட்கார்ந்துகொண்டு பசிக்கிறது என்றால் வறுவல் பொட்டலம்தான் கிடைக்கும். வெள்ளி, சனி இரவுகளுக்கு முன்பதிவு அவசியம்.

பப்பில் மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இடம் பிடித்து, மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, பாருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வர வேண்டும். என் அம்மாவும் நானும் ஒருமுறை இருபத்தைந்து நிமிடம் பணியாளருக்காகக் காத்திருந்தோம். சிறுவர்களை அழைத்துப்போனால் எந்த நேரம் வரை அனுமதி என்று நுழையும்போதே கேட்டுவிடுங்கள். கடந்த கோடையில் மூன்று பேர் ஒரு வேளை சாப்பிட 54 பவுண்ட் ஆயிற்று. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டுபோய் ஆற்றங்கரைப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாங்கள் இருமுறை அப்படித்தான் செய்தோம். பப்பை விட அதுதான் பிடித்திருந்தது. பொதுக் கழிப்பறைகளை மாலையில் நம்ப முடியாது. சாப்பிடும் இடத்தில் போய்விட்டுக் கிளம்புங்கள்.

7. திரும்புதல்

ஜார்ஜ் ஹோட்டலுக்குப் பக்கத்தில் திரும்பும் சாலை நேராக நிலையத்துக்குப் போகிறது. பத்து நிமிட நடை. முதியவர்களோடு என்றால் இருபது வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் இரண்டு நடைமேடைகளையும் இணைப்பது படிகள் கொண்ட மேம்பாலம். மூட்டுவலி உள்ளவர்களை அழைத்துவருவதாக இருந்தால், பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாக ரயில் நிறுவனத்தின் பயணிகள் உதவிச் சேவையில் இலவசமாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். இருட்டிய பிறகு காற்று சட்டென்று குளிரும். ஆகஸ்டிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். நிலையத்தில் இரவில் கடை ஏதும் திறந்திருக்காது என்பதால் தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டே வாருங்கள். பீட்டர்பரோ ரயிலும் லெஸ்டர் ரயிலும் வெவ்வேறு நடைமேடைகளில் வரும்; அறிவிப்புப் பலகையைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு உட்காருங்கள்.